ஆறாம் தேதி பேப்பர்

பெரியகருப்பனுக்கு அந்த ஜெராக்ஸ் கடையில் பிடித்தது ஒன்றுமே இல்லை. மிஷின் கக்குகிற சூடு பிடிக்கவில்லை. மைப்பொடி நெடி பிடிக்கவில்லை. பக்கத்து ஏலக்காய்க் கடையில் சாக்கை உதறும்போதெல்லாம் உள்ளே வந்து மூக்கில் ஏறுகிற தூசி பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, கையில் இருந்த ஒற்றைத் தாள் பிடிக்கவில்லை. அழுகின மீனைத் தூக்குகிறவர் மாதிரி இரண்டே விரலில் அதைத் தூக்கிப் பர்சானாவின் மேசையில் போட்டார்.

“இதுல பொய் இருக்கு ஆத்தா. எந்த எடத்துல இருக்குன்னு தெரியல. நாறுது. அம்புட்டுத்தான் தெரியும்.”

பர்சானா தாளை எடுத்து முகர்ந்து பார்த்தாள். “ஏலக்கா வாசந்தான் வருது பெரியப்பா. உங்க மூக்கை ஒருக்கா சர்வீசுக்கு விடுங்க.”

பெரியகருப்பன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். முப்பத்தொரு வருஷம் போடியிலிருந்து போடிமெட்டுக்கும் அதற்கு மேலே உள்ள தோட்டங்களுக்கும் ஜீப்பு ஓட்டினவர். கூலி ஆள், அரிசி, உரமூட்டை, பேப்பர்க்கட்டு என்று ஏறாத சாமான் அந்த ஜீப்பில் கிடையாது. எந்த வளைவில் யாருடைய மூட்டை காணாமல் போனது, எவன் வீட்டுப் பரணில் அது கிடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அந்த நாளிலேயே அவருக்குக் கைவந்திருந்தது. ஜீப்பை விற்ற பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. போலீசுக்குப் போகப் பயந்தவர்கள் அவரிடம் வருவார்கள். அவர் யாரையும் நம்பமாட்டார், வந்தவர்களையும் சேர்த்து.

பர்சானா அந்த ஜெராக்ஸ் கடையின் சொந்தக்காரி. முப்பத்தைந்து வயது. டாக்டர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு ஏழு வருஷமாக ஆராய்ச்சியை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்தாள். அதனால் பல்கலைக்கழக நூலகத்தின் ஆன்லைன் கதவு அவளுக்கு இன்னும் திறந்தே இருந்தது. ஒழுங்காக முடித்திருந்தால் அன்றைக்கே பூட்டியிருப்பார்கள் என்றும், சோம்பேறித்தனத்தால் ஊருக்கு நன்மை செய்கிற ஒரே ஆள் தான்தான் என்றும் சொல்லிக்கொள்வாள். அவர் துப்புத் துலக்கக் கிளம்பும்போதெல்லாம் கடைக்குக் கதவை இழுத்துவிட்டுக் கூடப் போவாள்.

தாளில் இருந்தது ஒரு பத்திரிகை விளம்பரத்தின் நகல். மேலே ‘மேற்குச்சுடர் நாளிதழ், மதுரைப் பதிப்பு, 6.10.2011, பக்கம் 7’ என்று டைப் அடித்திருந்தது. அதன் கீழே, பூப்போட்ட கட்டத்துக்குள் ஒரு பொது அறிவிப்பு. குரங்கணிக்கு மேலே ஒன்றரை ஏக்கர் காப்பியும் ஏலமும் உள்ள சரிவை, தோட்ட முதலாளி முத்துக்கிருஷ்ணன் கிரையம் பேசி முடித்திருக்கிறார், ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் சொல்லலாம், பிறகு சொன்னால் செல்லாது.

அந்தச் சரிவு கருத்தம்மாளுடையது. புருஷன் போன பிறகு தனியாளாக நின்று களை வெட்டி, பழம் எடுத்து, பன்றிக்கும் குரங்குக்கும் காவல் இருந்து காப்பாற்றிய இடம். அவள் யாருக்கும் விற்கவில்லை. விற்றதாகச் சொல்கிறவர்கள் இந்த ஒற்றைத் தாளைத்தான் காட்டினார்கள். பேப்பரில் போட்டோம், நீ வாயைத் திறக்கவில்லை, பதின்மூன்று வருஷம் ஆயிற்று, இனிமேல் பேச்சில்லை. இன்றைக்கு மூன்று மணிக்குத் தாலுகா ஆபீசில், தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவள் கைரேகை வைக்க வேண்டும். வைத்தால் குடியிருக்கும் குடிசை மட்டும் அவளுக்கு மிஞ்சுமாம். வைக்காவிட்டால் அதுவும் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

காலையில் அவள் பஸ்சு விட்டு இறங்கி நேரே பெரியகருப்பனிடம்தான் வந்தாள். அழவில்லை. தாளை நீட்டி, “பேப்பர்ல வந்துச்சாண்ணே, வரலையா. அது மட்டும் எனக்குத் தெரியணும்” என்றாள்.

அவளுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்து சேர்ந்தான் ஜெகதீஷ். அவளுடைய அண்ணன் மகன். முத்துக்கிருஷ்ணனின் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை. அத்தைக்குப் படிப்பு கிடையாது என்பதால் ரேஷன் அட்டையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரை அவன்தான் படித்துச் சொல்வான். முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவன் என்றாலும் அத்தைக்காகத்தான் அலைகிறேன் என்றான். அசல் பேப்பரைக் கரையான் தின்றுவிட்டது என்றான். பிறகு கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, “ஆறாந் தேதி காலையில ஆபீசுல உக்காந்து நானே என் கண்ணால படிச்சேன் அத்தை. அன்னைக்கே உங்கிட்டச் சொல்லாம விட்டேம்பாரு, அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது” என்றான். சொல்லிவிட்டு அத்தையைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய்விட்டான்.

பெரியகருப்பனுக்கு அந்த அழுகையும் பிடிக்கவில்லை. ஆனால் ஊரில் யார் அழுதாலும் அவருக்குப் பிடிக்காது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“நெலத்து நோட்டீசுக்கு எதுக்கு ஆத்தா பூப்போட்ட கட்டம்?” என்று பர்சானாவிடம் கேட்டார்.

“கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சு அச்சடிச்சிருப்பான்” என்றாள் அவள். ஆனால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார்த்தாள். கட்டத்துக்கு வலது பக்கம், அடுத்த பத்தியின் ஓரம் ஒரு விரற்கடை அகலத்துக்கு நகலில் விழுந்திருந்தது. ஊர் ஊராகப் பெய்த மழை அளவு. தேவாரம் 14, அதற்குக் கீழே 9, அதற்குக் கீழே பாதி அறுந்த ஓர் எண்.

மணி பதினொன்றரை. பர்சானா கம்ப்யூட்டரைத் தட்டினாள். பல்கலைக்கழக நூலகப் பக்கம் வந்தது, நாளிதழ்கள் என்ற பிரிவு வந்தது, கடைசியில் நீ மனுஷன்தானா என்று கேட்கும் படங்கள் வந்தன. சிக்னல் விளக்கு உள்ள படங்களை எல்லாம் தொட்டுக் காட்டச் சொன்னது. பெரியகருப்பனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. திருடனை எல்லாம் விட்டுவிட்டு, தேட வந்தவனை நிறுத்திவைத்து விசாரிக்கிற இடம் எப்படி உருப்படும் என்று கேட்டார். அதுவும் கம்ப்யூட்டரில் இருப்பதை எவன் வேண்டுமானாலும் மாற்றலாமே என்றார். இது பேப்பரை அப்படியே படம் பிடித்து வைத்திருப்பது, புகுந்து திருத்துவதென்றால் பல்கலைக்கழகத்தையே விலைக்கு வாங்க வேண்டும் என்று பர்சானா விளக்கினாள்.

“வாங்க ஆளு இருக்கான்” என்றார் அவர்.

முதலில் கருத்தம்மாள் என்று தேடினாள். வரிசையாகக் கண்ணீர் அஞ்சலிகள் வந்தன, எல்லாம் செத்துப்போன வேறு கருத்தம்மாள்கள். ஏலத் தோட்டம் என்று தேடினாள். அடகு நகை ஏல அறிவிப்புகள் வந்து குவிந்தன. பெரியகருப்பன் அந்த நகைப் பட்டியலைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டார். பொது அறிவிப்பு என்று தேடினாள். நாற்பதாயிரத்துச் சொச்சம்.

“இவ்வளவு படிச்சு இதுதானா?” என்றார்.

மிஷினுக்குப் பொடி எழுத்துப் படிக்கத் தெரியாது என்றாள் பர்சானா. செய்தித் தலைப்பை மட்டும் ஒருமாதிரி புரிந்துகொள்ளும், விளம்பரத்தைப் படம் என்று ஒதுக்கிவிடும். ஆகவே பெயரைச் சொல்லித் தேடிப் பயனில்லை. பேப்பரைத் தேர்ந்து, பதிப்பைத் தேர்ந்து, தேதியைத் தேர்ந்து, பக்கம் பக்கமாகக் கண்ணாலேயே புரட்ட வேண்டும். டீக்கடையில் புரட்டுவது மாதிரிதான், என்ன, இதில் வடை எண்ணெய் ஒட்டாது.

மேற்குச்சுடர். மதுரை. 2011. அக்டோபர்.

நாலாம் தேதி இருந்தது. ஐந்தாம் தேதி இருந்தது. ஏழாம் தேதி இருந்தது. ஆறாம் தேதி இருக்க வேண்டிய கட்டம் சாம்பல் நிறத்தில் வெறுமையாகக் கிடந்தது. ‘இதழ் இல்லை.’

பர்சானா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். படம் பிடித்தவன் அன்றைக்கு லீவு போட்டிருப்பான் என்றாள். முன்னும் பின்னும் இருக்கிறது, விட்டுப்போனது நமக்கு வேண்டிய நாள்.

“விட்டுப்போகல. வித்திருக்கான்” என்றார் பெரியகருப்பன். எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். நூலகத்தை நம்பினது தப்பு, படித்தவர்களை நம்பினது அதைவிடத் தப்பு என்றார். ஊரில் கிழித்தால் ஓரத்தில் பிசிறாவது நிற்கும், இங்கே தடயமே இல்லாமல் கிழித்திருக்கிறார்கள் என்றார். பர்சானா வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பன்னிரண்டேகால்.

“அது என்ன கெழமை?” என்று கேட்டார் பெரியகருப்பன்.

“வியாழன்.”

“அதுக்கு முந்தின நாளு பேப்பரைக் காட்டு. மொதப் பக்கம்.”

ஐந்தாம் தேதியின் முதல் பக்கம் திரையில் விரிந்தது. பக்கத்தில் பாதி வாழ்த்து விளம்பரங்கள். ஜவுளிக்கடை, இரும்புக்கடை, மோட்டார் கம்பெனி. எல்லாவற்றிலும் வாழைக்கன்று, எலுமிச்சம்பழம், சந்தனம் வைத்த சக்கரம். பெரியகருப்பன் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு பெட்டி. எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆயுதபூஜையை முன்னிட்டு இன்று நம் அலுவலகத்துக்கு விடுமுறை. எனவே நாளை நாளிதழ் வெளிவராது.

அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. முப்பத்தொரு வருஷம். ஆயுதபூஜையன்று அச்சு மிஷினுக்கும் பொட்டு வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பதும், அதற்கு மறுநாள் மதுரையிலிருந்து கட்டு வராது என்பதும், டீக்கடைக்காரர்கள் அன்றைக்கு உம்மென்று உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் தெரியாதா அவருக்கு? இல்லாத பேப்பரை ஒருத்தன் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். அதை இரண்டு மணி நேரம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“கட்டம் காலியாக் கெடக்குன்னா அதுதான் சாட்சி” என்றாள் பர்சானா மெதுவாக. “நான் ஓட்டைன்னு நெனச்சேன்.”

“பத்தாது. தேதி தப்பா டைப் ஆயிருச்சும்பான். அஞ்சுன்னு சொல்லுவான். அந்தப் பேப்பர்ல ஏழாம் பக்கத்தைக் கொண்டா.”

ஏழாம் பக்கம் வந்தது. வலது ஓரத்தில் மழை அளவு. தேவாரம் 14. அதற்குக் கீழே 9. அறுபடாத முழு எண் அதற்கும் கீழே. இடது பக்கத்தில் அதே பூப்போட்ட கட்டம், மூலைக்கு மூலை அதே பூ. கட்டத்துக்குள் கருத்தம்மாளின் நிலம் இல்லை. அந்த இடத்தில் வேறொரு விளம்பரம் இருந்தது. அதன் மேல்தான் அறிவிப்பை ஒட்டி நகல் எடுத்திருக்கிறான். பக்கத்துப் பத்தி தெரிந்தால் நிஜம் போலிருக்கும் என்று ஓரத்தை விட்டிருக்கிறான்.

பெரியகருப்பன் அந்த விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார். முடித்துவிட்டு, “தூ” என்றார். பர்சானா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். பிறகு இரண்டு பக்கங்களையும் ஒன்றுக்கு மூன்றாக அச்செடுத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் பேப்பரின் பெயர், பதிப்பு, தேதி, பக்கம், எந்த நூலகத்தின் வழியாக எப்போது எடுத்தது என்ற விவரம் எல்லாம் தானாகவே விழுந்திருந்தது. அவளே ஒரு மனுவும் அடித்தாள்.

தாலுகா ஆபீசுக்கு நடந்து போகும்போது பெரியகருப்பன் பாதி வழியில் நின்றுவிட்டார்.

“ஏன் ஆத்தா ஆறுன்னு போட்டான்?”

“அவசரம். தப்பு.”

“வெட்டி ஒட்டுனவன் ஓரம் வரைக்கும் பாத்து ஒட்டியிருக்கான். தேதியில எப்படிக் கோட்டை விடுவான்? போடியில இருக்கவனுக்கு அஞ்சாந் தேதி பேப்பர் அஞ்சாந் தேதிதான். அதை ஆறுன்னு சொல்றவன் ஒரு எடத்துலதான் இருப்பான்.”

சொல்லிவிட்டு, கசப்பு மருந்து குடித்தவர் மாதிரி வாயைக் கோணிக்கொண்டார்.

வராந்தா பெஞ்சில் கருத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெகதீஷ். மடியில் ஃபைல், ஃபைலின் மேல் திறந்த மசிப்பெட்டி. இரண்டரைதான் ஆகியிருந்தது. அத்தையின் கட்டைவிரல் அதற்குள் கறுப்பாகியிருந்தது. சும்மா ஒத்திகை பார்த்தோம் என்றான் ஜெகதீஷ். எதிர்ப் பெஞ்சில் சாதிச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் வந்த ஏழெட்டுப் பேர் வேலையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பர்சானா மனுவோடு உள்ளே போனாள். பெரியகருப்பன் ஜெகதீஷின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பர் கிடைத்துவிட்டதா என்று அவனே கேட்டான். கம்ப்யூட்டரில் பார்த்தோம், ஆறாம் தேதி பேப்பரே அடிக்கவில்லையாம், ஆயுதபூஜை விடுமுறையாம் என்று அவர் கருத்தம்மாளுக்கும் கேட்கும் குரலில் அப்பாவி போலச் சொன்னார். ஜெகதீஷ் உடனே, அப்படியானால் அது ஐந்தாம் தேதிப் பேப்பராக இருக்கும், டைப் அடித்தவன் தப்பாகப் போட்டிருப்பான், ஏழாம் பக்கம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றான்.

“நீ படிச்சது ஆறாந் தேதிதான? காலையிலயே சொன்னியே மாப்ளே.”

“ஆமா, ஆறாந் தேதி காலையிலதான் ஆபீசுல படிச்சேன்.”

“அஞ்சாந் தேதி பேப்பரை ஆறாந் தேதி ஏன் படிச்ச?”

ஜெகதீஷ் மசிப்பெட்டியை ஃபைலின் நடுவுக்கு நகர்த்தினான்.

“நான் சொல்றேன். மதுரைக் கட்டு போடிக்கு வர்றதுக்குள்ள தோட்டத்து ஜீப்பு கெளம்பிரும். அதனால மலைக்கு எப்பவும் நேத்துப் பேப்பர்தான் போகும். மலையில இருக்கவங்களுக்கு அதுதான் இன்னைக்குப் பேப்பர். ஆபீசுல வந்த தேதியை முத்திரை குத்தி அடுக்கி வச்சிருவீங்க. பழைய அடுக்குல இருந்து ஏழாம் பக்கத்தை உருவுனவன் அந்த முத்திரையைப் பாத்துத்தான் ஆறுன்னு அடிச்சிருக்கான். ஊர்ல இருக்க எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். மலையில உக்காந்து பேப்பர் படிக்கிறவன்தான் செய்வான்.”

“யாரு வேணாலும் செஞ்சிருக்கலாம் பெரியவரே. ஆபீசுக்கு ஆயிரம் பேர் வருவாங்க.”

“முத்திரை யாருட்ட இருக்கு?”

ஜெகதீஷ் உள்ளே போகிற கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“உங்கிட்டத்தான் இருக்கு. கட்டைத் தூக்கிக்கிட்டு வந்தா நீதான் வாங்கி டப்பு டப்புன்னு குத்துவ. அன்னைக்கு ஜீப்புல கொண்டாந்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?”

ஜெகதீஷ் அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தான். காக்கிச் சட்டையும் தலையில் துண்டும் இல்லாததால் காலையில் அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. மலையில் இருப்பவர்கள் ஜீப்பைத்தான் பார்ப்பார்கள், ஓட்டுகிறவனைப் பார்ப்பதில்லை.

“நாந்தான்” என்றார் பெரியகருப்பன்.

பர்சானா உள்ளேயிருந்து வந்தாள். மனுவை வாங்கி முத்திரை போட்டுவிட்டார்கள், விசாரித்து முடிக்கிற வரை யாரும் எதிலும் ரேகை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். மீதி இருந்த ஏழாம் பக்கத்து அச்சைக் கருத்தம்மாளிடம் கொடுத்து, பேப்பரில் உங்கள் நிலம் வரவே இல்லை, இதன் மேல்தான் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள் என்று அவள் காதருகே சொன்னாள்.

கருத்தம்மாள் அதை வாங்கிப் பார்த்தாள். பூப்போட்ட கட்டத்தை மட்டும் அவளால் அடையாளம் காண முடிந்தது. கறுத்த கட்டைவிரலால் அதை ஒருமுறை தடவினாள். இருபது வருஷமாக அவள் கையில் எந்தத் தாள் வந்தாலும் அது அடுத்து எங்கே போகுமோ, இதுவும் அங்கேதான் போயிற்று. அண்ணன் மகன் பக்கம் நீட்டினாள்.

“எனக்கு எல்லாத்தையும் நீதானப்பா படிச்சுச் சொல்லுவ. என் நெலத்துக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு படி.”

“அத்தை, அது வந்து...”

“படி.”

அவன் படித்தான். மூலம் என்றான். பவுத்திரம் என்றான். பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“சத்தமாப் படிப்பா. எனக்குக் காது மந்தம்னு உனக்குத் தெரியும்ல.”

எதிர்ப் பெஞ்சுக்காரர்கள் தலையை முன்னுக்கு நீட்டினார்கள். ஜெகதீஷ் சத்தமாகப் படித்தான். ஆசனவாய் எரிச்சல், அரிப்பு, சீழ் வடிதல். கத்தியின்றி, ரத்தமின்றி. ஞாயிறுதோறும் போடி பஸ் நிலையம் அருகே லாட்ஜில், மாடியில், ஏழாம் எண் அறை. பெஞ்சில் ஒரு கிழவர் பொக்கைவாயைப் பொத்திக்கொண்டார். கருத்தம்மாள் சிரிக்கவில்லை. கண்ணை எடுக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிக்கும்போது பார்ப்பாளே, அப்படி.

கடைசி வரிக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான்.

“இன்னும் ஒரு வரி இருக்கு” என்றார் பெரியகருப்பன்.

அவன் தாளை மடிக்கப் போனான். அவர் எட்டி வாங்கி, தன் ஐந்தாம் வகுப்புப் படிப்பால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அவளுக்குக் கேட்கும்படி படித்தார்.

“கூச்சப்... பட... வேண்டாம்.”

கருத்தம்மாள் மசிப்பெட்டியை எடுத்து மூடினாள். கறுத்த விரலை அண்ணன் மகனின் வெள்ளைச் சட்டையில், தோளிலிருந்து முழங்கை வரை, பொறுமையாகத் துடைத்தாள். பிறகு எழுந்து, குரங்கணி பஸ்சு எத்தனை மணிக்கு என்று பர்சானாவிடம் கேட்டாள்.